கடலைக் கேளுங்கள்: பவளப்பாறை மீன்களின் உருவமும் அளவும்

டெல்டா மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே பொருளைச் சேர்ந்தவற்றை இந்த இதழில் தொகுத்திருக்கிறோம். பாறை மீன்களுக்கு இந்த உடல் எப்படி வந்தது என்பதே அந்தப் பொருள். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம்.

கே: எங்கள் துறைமுகத்தில் இறங்கும் வஞ்சரமும் சூரையும் உருண்டு நீண்டிருக்கின்றன. ராமேஸ்வரம் பக்கம் பார்த்த பாறை மீன்களோ தட்டையாக, உயரமாக இருக்கின்றன. ஒரே கடல்தானே, ஏன் இந்த வேறுபாடு?
– வாசகர், நாகப்பட்டினம்

ப: கடல் ஒன்றுதான், பிழைப்பு வேறு. வஞ்சரம் திறந்த நீரில் நிற்காமல் ஓடி இரை பிடிப்பது. முன்னும் பின்னும் ஒடுங்கி நடுவில் பருத்த உடலுக்கு நீரின் தடை குறைவு. நாள் முழுக்க நீந்தினாலும் செலவு கட்டுப்படியாகும். பாறை மீனுக்கு ஓட்டம் முக்கியமில்லை. ஒரு சாண் அகலச் சந்துக்குள் நுழைந்து, நின்ற இடத்திலேயே திரும்பி, வாயைச் சரியாக ஒரு புள்ளியில் வைத்துக் கொத்த வேண்டும். அதற்குக் குட்டையான, உயரமான, பக்கவாட்டில் ஒடுங்கிய உடல் வசதி. நீளம் குறைந்தால் திரும்பும் வட்டம் சிறுக்கிறது. பக்கப் பரப்பு பெருத்தால், திரும்பும்போது உடல் வழுக்கிக்கொண்டு போகாது.

துடுப்புகளையும் பாருங்கள். மத்தியிலும் கெண்டையிலும் மார்புத் துடுப்பு உடலின் அடிப்பக்கத்திலும் வயிற்றுத் துடுப்பு மிகவும் பின்னாலும் இருக்கும். பாறை மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு மார்புத் துடுப்பு விலாவின் நடுவுக்கு ஏறிவிட்டது, வயிற்றுத் துடுப்பு அதற்கு நேர் கீழே முன்னால் வந்துவிட்டது. இந்த அமைப்பில் தலை குப்புறக் கவிழாமல் சட்டென்று நிற்கலாம், பின்னால்கூட நகரலாம்.

உயரத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. வேட்டை மீன் இரையை முழுதாக விழுங்குவதால், அதன் வாய் திறக்கும் அளவைவிட உயரமான மீன் தப்பித்துக்கொள்ளும். முதுகு முள்ளை விரித்தால் அந்த உயரம் இன்னும் கூடும். ஐரோப்பியக் குளங்களில் வாழும் குரூசியன் கெண்டையை வைத்து 1992இல் ஸ்வீடனில் இதைக் காட்டினார்கள்: பைக் என்ற வேட்டை மீன் இருக்கும் குளத்தில் கெண்டையின் உடல் உயரமாக வளர்ந்தது. இது ஒரே தலைமுறையில் வளர்ச்சியில் நிகழ்ந்த மாற்றம், பரம்பரை மாற்றமல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் உயரம் உயிர் காக்கும் என்பதற்கு நல்ல சான்று.

எல்லாப் பாறை மீனும் தட்டையானது என்று எண்ணிவிட வேண்டாம். அதே பாறையில் அஞ்சாலை கயிறு மாதிரி நீண்டு பொந்துக்குள் கிடக்கிறது. இந்தோ-பசிபிக் பாறை மீன்களில் 56 குடும்பங்களைச் சேர்ந்த 2,939 இனங்களை அளந்த ஓர் ஆய்வு 2014இல் வெளிவந்தது. உடல் வடிவ வேறுபாட்டில் முதலிடம் ‘நீளமா, உயரமா’ என்பதற்குத்தான் என்று அது காட்டியது. கண், வாய், துடுப்பு எல்லாம் அதற்கு அடுத்தபடிதான். அலை மோதும் பாறை விளிம்பில் வாழும் ராஸ் மீன்களில் சில, வாலை ஆட்டாமல் நீண்டு குறுகிய மார்புத் துடுப்பைப் பறவைச் சிறகுபோல் மேலும் கீழும் அடித்து நீந்துகின்றன. அமைதியான நீரில் வாழும் அவற்றின் உறவினங்களுக்கு அந்தத் துடுப்பு அகலமாக, வட்டமாக இருக்கும்.

கே: ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் அதிகம் என்பதால்தான் மீன்கள் தட்டையாகின்றன என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள். சரியா?
– வாசகர், சீர்காழி

ப: இல்லை. அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகத்தான் இருக்கும். ஒரு பக்கமாக நசுக்காது. பளிச்சென்று தட்டையாக இருக்கும் வண்ணத்துப்பூச்சி மீன்களில் பெரும்பாலானவை வாழ்வது ஆழம் குறைந்த, வெயில் படும் நீரில்.

கே: வெள்ளை வவ்வாலும் கருப்பு வவ்வாலும் அண்ணன் தம்பிதானே? நிறம் மட்டும்தானே வேறு?
– மீன் வியாபாரி, வேதாரண்யம்

ப: அண்ணன் தம்பி இல்லை, பங்காளிகூட இல்லை. கருப்பு வவ்வால் பாறை மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. (உங்கள் ஏலத்தில் ‘பாறை’ என்று கூவுவீர்களே, அந்தக் குடும்பம், பவளப்பாறையைச் சொல்லவில்லை.) வெள்ளை வவ்வால் முற்றிலும் வேறு குடும்பம். கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும்: கருப்பு வவ்வாலின் வாலடியில் பக்கக்கோட்டின் கடைசிச் செதில்கள் தடித்துச் சொரசொரப்பாக இருக்கும், விரலை வைத்தால் தட்டும். வெள்ளை வவ்வாலில் அது கிடையாது. வளர்ந்த இரண்டுக்குமே வயிற்றுத் துடுப்பு இல்லாததால்தான் கண் ஏமாறுகிறது.

வெவ்வேறு வழியில் வந்தவை ஒரே உருவத்துக்கு வந்து சேர்வது பவளப்பாறையில் அடிக்கடி நடந்திருக்கிறது. ஃபியூசிலியர் என்ற மீன்கள் செப்பிலி, சங்கரா வகை முன்னோரிலிருந்து பிரிந்தவை. அந்த முன்னோர் அடித்தளத்தில் இரை தேடியவர்கள்: பெரிய வாய், தடித்த உடல். ஃபியூசிலியர்கள் பாறைக்கு மேலே நீரில் மிதக்கும் சிற்றுயிர்களை, அதாவது மிதவைகளை, ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கின. இப்போது ஒல்லியான உடல், கவட்டை வால், முன்னே நீளும் சின்ன வாய், பெரிய கண். தட்டையான சர்ஜன் மீன்களிலும் மிதவை உண்ணத் திரும்பிய இனங்கள் இதே திசையில்தான் மாறியிருக்கின்றன. ஆனால் அவை ஃபியூசிலியர் அளவுக்கு ஒல்லியாகவில்லை. எங்கிருந்து புறப்பட்டோமோ அது கடைசிவரை கூடவே வரும். தேவைக்கேற்ப உருவம் வந்துவிடும் என்று மட்டும் சொல்வது பாதிக் கதை.

கே: பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு அறிவியல் கண்காட்சிக்காக மீன் உடல் வடிவத்தை அளக்கும் செயல்திட்டம் கொடுக்க விரும்புகிறேன். சந்தை மீனை வைத்தே செய்ய முடியுமா? எதை, எப்படி அளப்பது?
– ஆசிரியை, தஞ்சாவூர்

ப: தாராளமாக முடியும். ஆறு வகை, வகைக்கு ஐந்து மீன் போதும். கானாங்கெளுத்தி, சீலா, காரப்பொடி, சின்ன வெள்ளை வவ்வால் ஆகியவற்றோடு பவளப்பாறைப் பக்கம் வாழும் ஓராவும் களவாவும் சேருங்கள். வயிறு கீறாத, வால் நறுக்காத மீனாகக் கேட்டு வாங்குவது முக்கியம். கீறிய மீனின் வயிறு தொய்ந்து உயரம் கூடிவிடும். காலையில் பிடித்து விறைத்த மீன் வளைந்திருந்தால் நீளம் குறைவாக வரும். விறைப்பு விடும்வரை ஐஸில் வைத்துவிட்டு அளங்கள். ஃபார்மலினில் போட்ட மீனையும் புது மீனையும் ஒரே பட்டியலில் சேர்க்காதீர்கள், ஃபார்மலின் சுருக்கும்.

தேவையானவை: ஒரு முனையில் தடுப்புக்கட்டை அடித்த பலகை, 30 செ.மீ. எஃகு அளவுகோல், வெர்னியர் காலிப்பர், தெர்மாகோல், குண்டூசி, வரைபடத் தாள்.

மீனின் இடப்பக்கம் மேலே வர, வாய் மூடியபடி, மூக்கு தடுப்பில் முட்ட வையுங்கள். நீளத்தை வால் நுனிவரை அளக்க வேண்டாம். வால் நுனி வலையிலும் கூடையிலும் கிழிந்திருக்கும், கவட்டை வாலையும் வட்ட வாலையும் ஒப்பிடவும் முடியாது. வாலை மெல்லப் பக்கவாட்டில் மடியுங்கள். தோலில் ஒரு மடிப்புக் கோடு விழும். எலும்பு முடிந்து துடுப்பு தொடங்கும் இடம் அதுதான். மூக்கு நுனியிலிருந்து அந்தக் கோடுவரை உள்ளது நிலை நீளம். அடுத்தது உயரம்: முதுகிலிருந்து வயிறுவரை அதிகம் உள்ள இடத்தில், துடுப்பைச் சேர்க்காமல் செங்குத்தாக. பிறகு செவுள் மூடிக்குப் பின்னால் காலிப்பரால் தடிமன். அழுத்திப் பிடித்தால் சதை அமுங்கி அளவு குறையும். தொட்டும் தொடாமலும் பிடிக்க வேண்டும்.

நீளத்தை உயரத்தால் வகுங்கள். 180 மி.மீ. நீளம், 80 மி.மீ. உயரம் என்றால் 2.25. வெள்ளை வவ்வாலுக்கு இரண்டுக்குக் கீழே வரும், ஓராவுக்கு இரண்டை ஒட்டியோ சற்று மேலோ, கானாங்கெளுத்திக்கு நாலுக்குப் பக்கத்தில், சீலாவுக்கு இன்னும் மேலே. அதேபோல் தடிமனை உயரத்தால் வகுத்தால் எவ்வளவு தட்டை என்பது கிடைக்கும். களவா உருண்டிருக்கும், காரப்பொடியை நிமிர்த்தி முன்னாலிருந்து பார்த்தால் கோடு மாதிரி தெரியும். சாவாளையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கு வால் துடுப்பே இல்லை, மடிப்புக் கோடும் விழாது.

வாலுக்குத் தனிக் கணக்கு. தெர்மாகோலில் வாலை இயல்பாக விரித்து ஊசி குத்தி, வரைபடத் தாளில் ஓரம் வரைந்து, சதுர மில்லிமீட்டர்களை எண்ணிப் பரப்பு எடுங்கள். வாலின் மேல்நுனியிலிருந்து கீழ்நுனிவரை உள்ள உயரத்தைத் தன்னால் பெருக்கி, பரப்பால் வகுக்க வேண்டும். எண் பெரிதாக வந்தால் ஓடும் மீன், சிறிதாக வந்தால் பதுங்கியிருந்து பாயும் மீன். களவாவின் வட்ட வாலையும் சின்ன வஞ்சரத்தின் பிறை வாலையும் பக்கத்தில் வைத்தாலே மாணவர்களுக்கு விளங்கிவிடும். வாலை அளவுக்கு மீறி இழுத்து விரிப்பதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு.

படம் எடுத்து அளப்பதானால் கைபேசியை மீனுக்கு நேர் மேலே ஒரு மீட்டர் தூரத்தில் பிடித்து ஜூம் செய்யுங்கள். கிட்டே போனால் நடுப்பகுதி பெருத்து, தலையும் வாலும் சிறுத்துத் தெரியும். அளவுகோலைத் தரையில் வைக்காமல் மீனின் பாதித் தடிமன் உயரத்துக்கு ஏதாவது கொடுத்துத் தூக்கி வையுங்கள்.

முடிவு எழுதும்போது இரண்டு இடத்தில் கவனம் தேவை. குட்டியும் பெரியதும் ஒரே வடிவமல்ல, வளர வளர விகிதம் மாறும். அதனால் ஒரு வகையில் ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்கட்டும். அடுத்தது, ‘பாறை மீன் தட்டை’ என்று சொல்ல மூன்று வகை ஓரா வாங்கி மூன்று சான்று என்று கணக்குக் காட்டக் கூடாது. மூன்றும் ஒரே முன்னோரிடமிருந்து அந்த உடலைப் பெற்றவை, ஆகவே சான்று ஒன்றுதான். குடும்பம் மாறினால்தான் எண்ணிக்கை கூடும். நடுவர்கள் இதைக் கேட்பார்களோ இல்லையோ, மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

எச்சரிக்கை: ஓராவின் முள்ளில் விஷம் உண்டு. முதுகில் 13, மலத்துளைக்குப் பின் 7, ஒவ்வொரு வயிற்றுத் துடுப்பிலும் முன்னொன்று பின்னொன்று என நான்கு. முள்ளுள்ள இந்தத் துடுப்புகளை அளக்கப்போவதில்லை என்பதால் பெரியவர் ஒருவர் கத்தரிக்கோலால் முள்ளை நறுக்கிவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். குத்திவிட்டால் தோல் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை வைத்தால் வலி தணியும். வீக்கம் ஏறினால் மருத்துவரிடம் போக வேண்டும். பேத்தையை அளப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது. அளந்ததும் நாய், பூனை எட்டாதபடி புதைத்துவிடுங்கள்.

கே: பவளப்பாறையில் மிகச் சிறிய மீன் எது? அவ்வளவு சிறிதாக இருந்து என்ன லாபம்?
– கல்லூரி மாணவர், மயிலாடுதுறை

ப: ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் வாழும் ஷிண்ட்லேரியா வகை ஒன்று சுமார் 8 மி.மீ. நீளத்திலேயே முட்டையிடத் தயாராகிவிடும். குஞ்சுப் பருவத்து உடலிலேயே நின்றுவிட்ட மீன் அது: செதில் கிடையாது, உடல் கண்ணாடி போன்றது. மறுமுனையில் அதே பவளப்பாறைகளில் இரண்டு மீட்டரைத் தாண்டும் நெப்போலியன் ராஸும் ராட்சதக் களவாவும் இருக்கின்றன.

லாபம் இடத்தில் இருக்கிறது. பவளத்தின் ஒரு கிளையிடுக்கு, ஒரு பஞ்சுயிரியின் துளை, சிப்பி ஓட்டின் உட்புறம் எல்லாமே குடியிருப்பாகிவிடும். பெரிய மீனுக்கு எட்டாத நுண்ணிரை இங்கே ஏராளம். நஷ்டம் உயிரில்: எல்லாருக்கும் இரையாகலாம், வயிற்றில் கொள்ளும் முட்டையும் கொஞ்சம். அதனால் இவை அவசரமாக வாழ்கின்றன. உளுவை இனத்தைச் சேர்ந்த எவியோட்டா சிகில்லாட்டா அதிகபட்சம் 59 நாள்தான் உயிரோடிருக்கும் என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. முதுகெலும்புள்ள உயிர்களில் பதிவான மிகக் குறைந்த ஆயுள் அது. அதில் முதல் மூன்று வாரம் குஞ்சாகத் திறந்த கடலில் கழிகிறது. எஞ்சியதில் பவளத்தில் வந்து அமர்ந்து, முதிர்ந்து, இனப்பெருக்கமும் செய்துவிட வேண்டும்.

இவற்றைக் கண்ணில் படாத சில்லறை மீன் என்று ஒதுக்கிவிட முடியாது. பவளப்பாறையில் பிற உயிர்கள் உண்ணும் மீன் சதையில் 60 சதவீதத்துக்கு அருகில் இந்தக் குட்டி மீன்கள்தான் தருகின்றன என்று 2019இல் கணக்கிட்டார்கள். செத்துக்கொண்டேயிருக்கின்றன, அதைவிட வேகமாகக் குஞ்சுகள் வந்து சேர்ந்துகொண்டேயிருக்கின்றன.

கே: இந்த உருவங்களெல்லாம் எப்போது தோன்றின? நம் பக்கத்தில் புதைபடிவம் உண்டா?
– வாசகர், திருவாரூர்

ப: பவளத்திட்டின் புதைபடிவம் பக்கத்திலேயே இருக்கிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே கல்லக்குடியில் சிமென்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல்லில் ஒரு பகுதி, சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தபோது பவளமும் பாசியும் கட்டியது. ஆனால் அந்தத் திட்டில் இன்றைய கிளி மீனோ வண்ணத்துப்பூச்சி மீனோ நீந்தவில்லை. அந்தக் குடும்பங்கள் அப்போது உருவாகவில்லை.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களை அழித்த பேரழிவுக்குப் பிறகுதான் முள்துடுப்பு மீன்கள் வேகமாகக் கிளை விட்டன. இத்தாலியின் மோன்ட்டே போல்காவில், சுமார் 5 கோடி ஆண்டுப் பழைய சுண்ணாம்புப் பலகைகளில், சர்ஜன் மீன், ஓரா முதலான குடும்பங்கள் இன்று பார்த்தாலும் அடையாளம் தெரியும் உருவத்தில் பதிந்திருக்கின்றன. ஒன்றரைக் கோடி ஆண்டுக்குள் தட்டை, நீளம், பெட்டி வடிவம் எல்லாம் வந்தாகிவிட்டது.

இந்த வேகத்துக்கு வாய் ஒரு முக்கியக் காரணம். பழைய மீன்களில் பெரும்பாலானவை வாயைச் சட்டென்று திறந்து நீரோடு இரையை உறிஞ்சுபவை. பாறையில் ஒட்டியிருக்கும் பாசி, பவளம், பஞ்சுயிரி எதையும் உறிஞ்சி எடுக்க முடியாது. கடித்துத்தான் பெயர்க்க வேண்டும். கடிக்கும் பழக்கம் பல குடும்பங்களில் தனித்தனியே தோன்றியது, கடிக்கும் மீன்களில் உடல் வடிவம் மாறிய வேகமும் கூடுதல். கிளி மீனின் வாயைத் திறந்து பாருங்கள்: நூற்றுக்கணக்கான பற்கள் இறுகி ஒரே அலகாகிவிட்டன. முன்னால் தேயத் தேயப் பின்னாலிருந்து புதுப் பல் வரும். தொண்டைக்குள் இன்னொரு அரவைத் தகடு உண்டு. கடித்த சுண்ணாம்பு அங்கே மாவாகி மணலாக வெளியேறுகிறது.

போல்கா படிவங்களில் எங்களுக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. எருமை நாக்கு மீனின் இரண்டு கண்ணும் ஒரே பக்கம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாதிக் கண் நகர்ந்த மீனால் என்ன பயன், இது படிப்படியாக வந்திருக்கவே முடியாது என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. ஆம்ஃபிஸ்டியம், ஹெட்டரோநெக்டிஸ் என்ற இரண்டு போல்கா மீன்களின் மண்டையோட்டில் ஒரு கண் உச்சியை நோக்கிப் பாதி வழி நகர்ந்து நிற்பதை 2008இல் காட்டினார்கள்.

கே: தரங்கம்பாடிக் கடலில் ஏன் பவளப்பாறை இல்லை?
– வாசகர், தரங்கம்பாடி

ப: பவளத்துக்குத் தெளிந்த நீர், வெயில், மாறாத உப்பு, பற்றிக்கொள்ளக் கெட்டியான தரை வேண்டும். காவிரியும் கொள்ளிடமும் காலங்காலமாக வண்டலையும் நன்னீரையும் கொண்டுவந்து கொட்டிய கரையில் இது எதுவும் அமையவில்லை. மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் போனால்தான் திட்டுகள் கிடைக்கும். ஆனால் உங்கள் ஊருக்கு மீனியலில் பெரிய இடம் உண்டு. டேனிஷ் மிஷனில் இருந்த கிறிஸ்தோஃப் சாமுவேல் யோன் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிருந்து மீன்களைப் பதப்படுத்தி பெர்லினுக்கு அனுப்ப, மார்க்கஸ் ப்ளோக் அவற்றை விவரித்து உலகுக்கு அறிமுகப்படுத்தினார். கத்தாழை மீனின் பேரினமான ஜோனியஸ் யோனின் பெயரால் வைத்ததுதான்.

கே: வலையில் கடல் குதிரை சிக்கியது. அதற்கு ஏன் இப்படி ஓர் உருவம்?
– மீனவர், அதிராம்பட்டினம்

ப: முதலில், உயிரோடு இருந்தால் உடனே கடலில் விட்டுவிடுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

அதன் நெருங்கிய உறவான குழாய் மீன் நேராக நீண்டிருக்கும். தலை வளைந்து கழுத்து மாதிரி ஒடுங்கியதால், கடல் குதிரையால் இருந்த இடத்திலிருந்தே சற்றுத் தள்ளியுள்ள இரையையும் எட்டிப் பிடிக்க முடிகிறது. புல்லில் வாலைச் சுற்றி நின்று காத்திருக்கும் உயிருக்கு அந்தச் சிறு தூரமே பெரிது. வாலை விரலில் உருட்டிப் பார்த்தால் வட்டமாக இல்லாமல் நாலு மூலை தெரியும். அந்தச் சதுரத் தகடுகள் நசுங்கினாலும் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கிப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

கே: முன்பு வந்த பெரிய களவா இப்போது வருவதில்லை. மீன் இனமே சிறுத்துவிட்டதா, பெரியதைப் பிடித்துத் தீர்த்துவிட்டோமா?
– வாசகர், கோடியக்கரை

ப: முதல் காரணம் நீங்கள் இரண்டாவதாகச் சொன்னது. பெரிதாக ஆண்டுகள் வேண்டும். அதற்குள் வலை முந்திக்கொள்கிறது. ஆனால் இனமே சிறுக்கவும் கூடும். அட்லாண்டிக் சில்வர்சைடு என்ற சிறு மீனைத் தொட்டிகளில் வளர்த்து, ஒரு கூட்டத்தில் ஒவ்வொரு தலைமுறையிலும் பெரிய 90 சதவீதத்தையும், இன்னொன்றில் சிறிய 90 சதவீதத்தையும் எடுத்துவிட்டார்கள். நாலே தலைமுறையில் முதல் கூட்டத்தின் மகசூல் எடை இரண்டாவதில் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. 2002இல் வெளியான சோதனை இது. களவாவில் கூடுதல் சிக்கல்: பல இனங்களில் எல்லாமே பெண்ணாகத் தொடங்கி, பெருத்த பிறகே ஆணாகின்றன. பெரியதை மட்டும் எடுத்தால் ஆணுக்குப் பஞ்சம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள 61 நாள் தடைக்காலம் முட்டையிட உதவும், ஆனால் எந்த அளவு மீனை எடுக்கிறோம் என்பதை மாற்றாது. குஞ்சையும் விட்டு, மிகப் பெரியதையும் விட்டு, நடு அளவை மட்டும் பிடிக்கும் முறையே எங்கள் கணிப்பில் சரி. பல இனம் கலந்து விழும் இழுவலையில் அது நடக்காது. தூண்டிலிலும் கூண்டிலும் நடக்கும்.

கே: சின்னத் தொட்டியில் வளர்த்தால் மீனும் சின்னதாகவே இருக்கும் என்று கடைக்காரர் சொல்கிறார். கடல் மீன் வாங்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

ப: கடைக்காரர் சொல்வது தவறு. இடம் போதாத மீன் சின்னதாகப் ‘பொருந்தி’ வாழ்வதில்லை, வளர்ச்சி முடங்கி நோய்ப்படுகிறது. உடலுக்குக் கண் பெரிதாகத் தெரிவதும் முதுகெலும்பு கோணுவதும் அறிகுறிகள். பவுடர் ப்ளூ சர்ஜன் 23 செ.மீ.வரை வளரும், ஓயாமல் நீந்தும். ஐந்தடி நீளத்துக்குக் குறைந்த தொட்டியில் வேண்டாம். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பவளத்தை மட்டுமே உண்பவை தொட்டியில் வேறு தீனி தொடாமல் பட்டினி கிடந்தே சாகும்.

தானே வளர்ச்சியை அடக்கிக்கொள்ளும் மீன் ஒன்று உண்டு, அது கோமாளி மீன். ஒரு கடல் சாமந்தியில் குடியிருக்கும் கூட்டத்தில் பெண் மிகப் பெரியது, அடுத்தது ஆண், பிறகு வரிசையாகச் சின்னவை. ஒவ்வொன்றும் தனக்கு மேலுள்ளதில் சுமார் 80 சதவீத அளவிலேயே நிற்கும். மீறி வளர்ந்தால் மேலுள்ளது துரத்தும், துரத்தினால் வேறு மீனுக்கு இரையாகும். பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறி வளரத் தொடங்கும். ஆகவே இரண்டு வாங்கும்போது ஒன்று பெரியதும் ஒன்று சின்னதுமாக எடுங்கள். ஒரே அளவில் இரண்டு பெரிய மீன் போட்டால் சண்டை ஓயாது. உப்பு அடர்த்தி எண் 1.025, வெப்பம் 25 முதல் 27 டிகிரி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம். நாகை கரையிலிருந்து நீர் எடுப்பதானால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வேண்டாம். ஆற்று வெள்ளம் கலந்து உப்பு இறங்கியிருக்கும். அலங்காரத்துக்கு என்று யாராவது மன்னார் வளைகுடாப் பவளம் விற்றால் வாங்காதீர்கள், அதுவும் சட்டப்படி குற்றம்.